திரும்பி வரும் வரி: கர்நாடக இசைக்குப் புதியவர்களுக்குப் பாட்டுத் தேர்ந்த பன்னிரண்டு ஞாயிறுகள்

2023ஆம் ஆண்டு ஆடி மாதம் தொடங்கிப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், கோவையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு அக்கம்பக்கத்தார் சிலரோடு அமர்ந்து கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்டேன். வந்தவர்களில் எவரும் அதற்குமுன் ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டதில்லை. எதைப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. நான் மேடையில் பாடுபவள் அல்லள். சிறுவயதில் நான்காண்டு வாய்ப்பாட்டு கற்று, பயிற்சிப் பாடமாகக் கற்கும் வர்ணத்தோடு நிறுத்திவிட்டு, அதன்பின் முப்பது ஆண்டுகளாகக் கேட்பவளாக மட்டுமே இருந்து வருகிறேன். என் தேர்வு எங்கே தவறியது, எந்தப் பாட்டு எதனால் அவர்களிடம் சென்று சேர்ந்தது என்பதை, அந்தந்த வாரமே எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன்.

வந்தவர்கள்

முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இந்த ஆய்வுக்கு அவர்களுள் ஐவர் முக்கியமானவர்கள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். இளையராஜாவின் பாடல்களைப் பின்னணி இசை உட்பட மனப்பாடமாக வைத்திருந்த பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய, தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஆசிரியை ஒருவர். கோவைப் பகுதியில் நிறையக் குடும்பங்களில் உள்ளதுபோல வீட்டில் தெலுங்கு பேசும் அம்மையார் ஒருவர். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, மகன் வீட்டில் தங்கியிருந்த எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர்.

இவர்களைப் 'புதியவர்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டதுதான் என் முதல் பிழை. இசை தெரியாத காது என்று ஒன்று இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். ஐந்து பேரும் ஐந்து விதமான இசைக்குள் வாழ்ந்தவர்கள் என்பதும், அவற்றில் குறைந்தது மூன்று கர்நாடக இசையோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதும் எனக்குத் தெரியப் பத்து வாரம் ஆயிற்று.

கச்சேரி வரிசை

முதல் ஞாயிறு நான் செய்தது, இசையை நேசிக்கும் பலரும் செய்யக்கூடியது: ஒரு கச்சேரியைச் சிறிய அளவில் அமைத்துக் கொடுத்தேன். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள் எனப்படும், பல்லவியும் சரணமுமாக அமைந்த பாட்டுகளில் சிறியவை சில பாடி, விரிவான ஒரு கிருதியை நடுவில் நிறுத்தி, துக்கடாக்கள் என்னும் சிறிய, லேசான பாட்டுகளில் முடிக்கும் இன்றைய கச்சேரி வரிசைக்கு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அந்த வரிசையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால் பைரவி ராக அட தாள வர்ணமான 'விரிபோணி'யில் தொடங்கி, ஹம்ஸத்வனியில் 'வாதாபி கணபதிம்' போட்டு, பின் தோடி ராகத்தில் தியாகராஜரின் 'கத்தனுவாரிகி'யை ஆலாபனை (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் புதிது புதிதாகப் பாடுவது), ஸ்வரம் (ஸ்வரப் பெயர்களைக் கோத்துப் பாடுவது), தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) எல்லாவற்றோடும் முழுதாகப் போட்டேன். அந்தத் தோடி மட்டுமே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

யாரும் எழுந்து போகவில்லை, மரியாதைக்காக இருந்தார்கள். முடிந்த பிறகு மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "நல்லாத்தான் இருந்துச்சுங்க, ஆனா எங்க ஆரம்பிச்சு எங்க நிக்குதுன்னே புடிபடலைங்க." அடுத்த ஞாயிறு ஒன்பது பேரே வந்தார்கள்.

அப்போது அந்தச் சொல்லை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 'கனமான ராகத்தை எடுத்ததுதான் தவறு, லேசாகத் தொடங்கியிருக்க வேண்டும்' என்று புரிந்துகொண்டேன். அவர் சொன்னது கனத்தைப் பற்றியே அன்று. அட தாளத்தில் ஒரு சுற்றுக்குப் பதினான்கு எண்ணிக்கை. வர்ணத்தின் ஒரு வரி நீண்டு நெளிந்து சென்று முடிவதற்குள், அது எங்கே தொடங்கியது என்பது முதன்முறை கேட்பவருக்கு மறந்துவிடுகிறது. தோடி ஆலாபனையில் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. கால் மணி நேரத்துக்கும் மேலாக, தாம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லாமல் அவர்களை உட்கார வைத்திருந்தேன். அரியக்குடியின் வரிசை அரங்கத்துக்குள் ஏற்கெனவே வந்து அமர்ந்துவிட்டவர்களுக்காக அமைந்தது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்கும் வேலையை அதன் தலையில் சுமத்தியது நான்தான்.

துக்கடாக்கள்

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'குறை ஒன்றும் இல்லை', பாபநாசம் சிவனின் 'என்ன தவம் செய்தனை', ஊத்துக்காடு வேங்கடகவியின் 'அலைபாயுதே கண்ணா', பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' ஆகியவற்றைப் போட்டேன். கூடம் நிறைந்தது. 'குறை ஒன்றும் இல்லை' முடிந்தபோது இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று மூன்று ராகங்கள் அந்தப் பாட்டில் மாறி மாறி வருகின்றன என்று சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்து கேட்டுக்கொண்டார்கள்.

இது வெற்றி என்றே எண்ணினேன். ஆனால் மூன்றாம் ஞாயிறு, 'என்ன தவம் செய்தனை'க்கு முன்பாக ஆறே நிமிடக் காபி ராக ஆலாபனை ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டாம் நிமிடத்தில் கைப்பேசிகள் வெளியே வந்தன. பாட்டு தொடங்கியதும் உள்ளே போயின. காபி லேசான ராகம், இனிமையானது; அந்தப் பாட்டோ அவர்கள் விரும்பிக் கேட்பது. இருந்தும் ராகம் தனியாக நின்றபோது அவர்களால் அதனோடு செல்ல முடியவில்லை. துக்கடாக்களை இன்னும் ஒரு வருடம் கேட்டாலும் துக்கடாக்களைத்தான் கேட்பார்கள். அவற்றிலிருந்து ஆலாபனைக்கோ ஸ்வரத்துக்கோ தானாக ஒரு வழி பிறந்துவிடாது. புதியவர்களுக்கு லேசானதைக் கொடுக்கவேண்டும் என்ற பொதுவான அறிவுரையோடு நான் முரண்படத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அன்றிரவு, அவர்கள் கவனித்த இடங்களையும் கவனம் நழுவிய இடங்களையும் இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தேன். கவனித்த இடங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது: பல்லவி வரி, ஒரு சொல், ஒரு தாளத் தட்டு. நழுவிய இடங்களிலும் திரும்பி வருவது இருந்தது; ஆனால் அது அவர்கள் காதில் விழும்படி இல்லை. மெக்கானிக் முதல் நாளே சொன்னதும் இதுதான்.

மோகன வர்ணம்

நான்காம் ஞாயிறு முதல் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டேன்: இந்தப் பாட்டு எங்கே புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்பது முதன்முறை கேட்பவருக்குக் கேட்குமா? அந்த அளவுகோலில் முதலாவதாக வந்தது, நான் சற்றும் எதிர்பாராத ஒன்று. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன ராக வர்ணமான 'நின்னுகோரி'. வர்ணத்தைப் பயிற்சிப் பாடம் என்றும், பாடகர் குரலைப் பதப்படுத்திக்கொள்ளக் கச்சேரித் தொடக்கத்தில் பாடுவது என்றும் நாம் பழகிவிட்டோம். புதியவரின் காதுக்கு அதைப்போல ஒழுங்காக வழி சொல்லும் உருப்படி வேறில்லை என்பது இப்போது என் உறுதியான கருத்து.

முதலில் ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்தேன். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணுதல், பிறகு தட்டி வீசுவது இரண்டு முறை. எட்டு எண்ணிக்கையில் ஓர் ஆவர்த்தம். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது. 'நின்னுகோரி' தாளத்தின் முதல் தட்டிலேயே, அதாவது சமத்திலேயே, தொடங்குவதால் கைக்கும் பாட்டுக்கும் பிணக்கு வருவதில்லை. தட்டுக்குப் பின் அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுக்கும் கிருதிகள் எத்தனையோ உண்டு, அவற்றின் அழகே அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. முதல் நாள் கை பழகுபவருக்கோ அது குழப்பமாகவே முடியும்.

இரண்டாவது காரணம் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். ஸ, ரி, க, ப, த. மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லை. வர்ணத்தில் ஸ்வரங்கள் அவற்றின் பெயராலேயே பாடப்படுவதால், எந்த ஒலிக்கு எந்தப் பெயர் என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. மூன்றாவதாக வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வர்ணத்தின் பிற்பகுதியில் சரண வரி ஒன்று வரும். அதன்பின் ஸ்வரக் கோவை ஒன்று புறப்பட்டு, மீண்டும் அந்தச் சரண வரியில் வந்து சேரும். அடுத்த கோவை இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பும். கடைசிக் கோவை வெகுதூரம் சுற்றிவிட்டுத் திரும்பும். மெக்கானிக்கின் கை மூன்றாவது கோவையில் தாளத்தை விட்டுவிட்டது. ஆனால் சரண வரி வந்து விழுந்த அந்தத் தட்டில் அவர் கையும் சரியாக விழுந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

'அக்னி நட்சத்திரம்' படத்தில் இதே வர்ணத்தின் முதற்சொல்லோடு, இதே மோகனத்தில் தொடங்கும் பாட்டை மாணவர் அங்கேயே பாடிக் காட்டினார். அன்றைய அரங்கில் புதிதாகப் போட்டது வர்ணம் ஒன்றுதான். அதையே நான்கு முறை, இரண்டு பாடகர்களின் குரலிலும் ஒரு வயலினிலும் கேட்டோம். ஒரே மாலையில் ஏழெட்டுப் பாட்டு போடுவது விருந்தோம்பலைப் போலத் தோன்றலாம். கேட்பவருக்கோ ஒரே பாட்டை மறுபடி கேட்கும்போதுதான் அடுத்து வருவதை எதிர்பார்க்கும் சுகம் முதன்முதலாகக் கிடைக்கிறது.

அடுத்த வாரம் 'வாதாபி கணபதிம்' மீண்டும் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இந்தக் கிருதி அமைந்த ஹம்ஸத்வனி ராகம் அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியது. பல்லவியில் இன்று நாம் கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகளைச் சேர்த்தவர் மகா வைத்தியநாத ஐயர் என்பது இசை மரபில் வழங்கிவரும் செய்தி. சொல் மாறாமல் அதே வரி ஒவ்வொரு முறையும் சற்றே வேறு பாதையில் ஏறி இறங்கும் அந்த அமைப்பு, முதல் ஞாயிறு இவர்கள் காதில் விழவே இல்லை. இம்முறை சங்கதிகளை விரல்விட்டு எண்ணினார்கள். ஆசிரியையின் எண்ணிக்கை என்னுடையதைவிட ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தோம். அவர் எண்ணியதே சரி.

சினிமாப் பாட்டின் வழியே

திரைப்பாட்டைக் கொண்டு ராகத்தை அறிமுகம் செய்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அதில் உண்மையான பலன் உண்டு, ஓர் அபாயமும் உண்டு. ஆறாம், ஏழாம் ஞாயிறுகளில் ரீதிகௌளையை எடுத்துக்கொண்டோம். 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்'. அதிலிருந்து முப்பது ஆண்டு தள்ளி 2008இல் 'சுப்பிரமணியபுரம்' படத்துக்காக ஜேம்ஸ் வசந்தன் அமைத்த 'கண்கள் இரண்டால்'. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டபோது, இவ்வளவு வேறுபட்ட இரண்டு பாட்டுக்கு ஒரே ராகம் என்பதை அவர்கள் முதலில் நம்பவில்லை. நிஷாதத்தில் இருமுறை நின்று மேல் ஷட்ஜத்தை (ஸ) தொடும் இடத்தை இரண்டிலும் காட்டியதும் நம்பினார்கள். பிறகு பாபநாசம் சிவனின் 'தத்வமறிய தரமா', சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நினுவினா'.

சிக்கல் கிருதிகளைக் கேட்கும்போது தொடங்கியது. 'ஜனனி நினுவினா' ஓடிக்கொண்டிருக்க, கூடத்தில் பாதிப்பேர் 'சின்னக்கண்ணன்' எங்கே ஒலிக்கும் என்று காத்திருந்தார்கள். அந்தச் சாயல் கிடைத்த இடத்தில் ஒரு சலசலப்பு, கிடைக்காத இடத்தில் ஏமாற்றம். ஏழாம் ஞாயிறு மாணவர் ஒவ்வொரு பதிவு தொடங்கியதும் ராகப் பெயரைச் சொல்வதில் முனைந்தார், சரியாகவும் சொன்னார், சொன்ன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ராகத்தைக் கண்டுபிடிப்பதே கேட்பதன் முடிவு என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது நான் தேர்ந்த வரிசைதான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மீண்டும் செய்வதானால், கிருதியை முதல் வாரத்திலும் திரைப்பாட்டை அடுத்த வாரத்திலும் வைப்பேன். கிருதி முதலில் காதில் தங்கிவிட்டால், திரைப்பாட்டு அதன் உறவுக்காரராக வந்து சேரும். வரிசையை மாற்றினால் கிருதி திரைப்பாட்டின் நிழலாகிவிடுகிறது.

சொல்லும் கதையும்

எட்டாம் ஞாயிறு பைரவிக்குத் திரும்பினேன். முதல் வாரம் 'விரிபோணி'யில் தோற்ற அதே ராகம்; இம்முறை அருணாசலக் கவிராயரின் 'யாரோ இவர் யாரோ'. 18ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகள் கதை கேட்க வந்த மக்களுக்கு முன் பாடுவதற்காக எழுந்தவை. மிதிலையில் கன்னிமாடத்தின் மேல் நிற்கும் சீதையைப் பார்த்து, இவர் யார், பேர் என்ன என்று இராமன் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம். கூடத்தில் இந்தச் சூழ்நிலையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'யாரோ' என்ற ஒரு சொல் ஒவ்வொரு சங்கதியிலும் வியப்பின் வேறொரு படியாக ஒலித்தது. பைரவி கனமானது, பழகிய காதுக்கே உரியது என்று என் பட்டியலின் கடைசியில் தள்ளி வைத்திருந்தேன். அவர்கள் அதைத் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ராகத்தின் கனத்தைக் கொண்டு பாட்டுகளைத் தரம் பிரிப்பது பயனற்றது என்பதற்கு, ஒரே ராகத்தின் இந்த இரு வேறு அனுபவங்களைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் ஞாயிறு கோபாலகிருஷ்ண பாரதியின் நாள். 'சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா' என்னும் ஆபோகி ராகக் கிருதியில், 'ஒருதரம் சிவ சிதம்பரம்' என்று தொடங்கும் சரண வரியை நிரவல் செய்த பதிவொன்றை எடுத்துக்கொண்டேன். நிரவல் என்பது ஒரு வரியின் சொற்களைத் தாளத்தில் அவை அமர்ந்த இடம் கெடாமல் வைத்துக்கொண்டு, இசையை மட்டும் மீண்டும் மீண்டும் புதிதாகப் பாடுவது. பாடகரின் சொந்தக் கற்பனைக்குள் புதியவரை அழைத்துச் செல்ல இதைவிடச் சிறந்த வாயில் இல்லை. சொல் தெரியும், தாளம் கையில் இருக்கிறது, ஆகவே மாறுவது எது என்பது தெளிவாகக் கேட்கிறது. அந்த வரி கேட்பவரின் தாய்மொழியில் இருக்கவேண்டும் என்பது மட்டும் முக்கியம். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்த காலத்தில், கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று நடந்த வாதங்களை நான் பெரும்பாலும் உரிமை பற்றியவையாகவே புரிந்து வைத்திருந்தேன். கேட்கும் காது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய வாதமும் அவற்றுக்குள் இருந்தது என்பதை இந்த நிரவலின்போதுதான் உணர்ந்தேன்.

அன்றே 'நந்தனார் சரித்திர'த்திலிருந்து, மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ'வை கே.வி. நாராயணசாமியின் குரலில் கேட்டோம். பிறந்த சாதியின் காரணமாகக் கோயிலுக்குள் புக முடியாத நந்தனார், வரலாமா என்று தில்லை நடராசரைக் கேட்கும் பாட்டு. மிக மெதுவான காலம். அவசரமில்லாமல், அந்த ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முடிந்ததும் மெக்கானிக் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் தாத்தா காலத்தில் தங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று கேட்ட கதையைச் சொன்னார். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. இந்த இசைக்குப் 'புதியவர்' என்று நான் அழைத்தவர்களில் சிலர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதையும், அறிமுகம் என்ற சொல் அந்த வரலாற்றை மூடிவிடக் கூடாது என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன்.

தமிழில் தொடங்கவேண்டும் என்பது தமிழோடு நிற்கவேண்டும் என்றாகாது. பத்தாம் ஞாயிறு ஆபேரியில் தியாகராஜரின் 'நகுமோமு' போட்டபோது, தெலுங்கு பேசும் அம்மையார் முதல் வரிக்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். உன் சிரித்த முகத்தைக் காணமுடியாத என் துயரம் தெரிந்தும் என்னைக் காக்க வரக்கூடாதா என்று பொருள் சொன்னவர் அவர்தான். பழைய தெலுங்கில் தமக்குப் புரியாத சொற்களையும் சொன்னார். ஒன்பது வாரம் ஓரமாக அமர்ந்திருந்தவர் அன்று அரங்கை நடத்தினார்.

நாகஸ்வரம், தேவாலயம், தனி

அதே மாலையில் ஆபேரிக்குத் துணையாக 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா'வையும் போட்டேன், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று தொடரும் பாட்டு. திருவாரூர்ப் பெரியவர் அதுவரை பெரிதாக எதுவும் பேசியதில்லை. அன்று, காருகுறிச்சியார் யாருடைய சீடர் என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தாமே "ராஜரத்தினம் பிள்ளை" என்றார். சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி என்னும் நாகஸ்வர இசை எந்த இடத்தில் நிற்கும், எந்த வீதியில் ராகம் விரியும் என்பதெல்லாம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்திருந்தது. சபாவில் டிக்கெட் வாங்கி அமர்ந்து கேட்டதில்லை என்பதால் தமக்குச் சங்கீதம் தெரியாது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

ஆசிரியையின் கதையும் ஏறத்தாழ இதுதான். அவருடைய தேவாலயத்தில் மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைகளும் உண்டு, கீர்த்தனைகளும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்தே தமிழ்க் கிறித்தவர்கள் கர்நாடக ராகங்களில் கீர்த்தனை பாடி வருகிறார்கள். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்புக்குக் கீழே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். "அந்த வரியை நான் ஒருநாளும் வாசித்ததே இல்லை" என்றார். பாடகர் குழுவில் பல குரல்கள் சேர்ந்தெழும் இசைக்குப் பழகியவர் என்பதால், தம்பூரா மாறாமல் ஒரே ஸ்ருதியில் ஒலித்துக்கொண்டிருப்பது தொடக்கத்தில் அவருக்குச் சலிப்பூட்டியது. பிறகு அவரே, பாடகர் எங்கே சென்றாலும் கடைசியில் அந்தத் தம்பூராவின் ஷட்ஜத்தில்தானே வந்து அமர்கிறார் என்று கவனித்துச் சொன்னார். ஆலாபனையில் திரும்பி வரும் வரி இல்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருக்கிறது, அது சொல்லாக இல்லாமல் ஸ்ருதியாக இருக்கிறது. எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கத்தில் மறைந்துபோயிருந்ததை அவர் பத்து வாரத்தில் எடுத்துக்காட்டினார்.

பதினோராம் ஞாயிறு தனி ஆவர்த்தனம். சபாக்களில் தனி தொடங்கியதும் எழுந்து போகும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, புதியவர்களுக்கு அதைத் தவிர்த்துவிட வேண்டும் என்றே தோன்றியிருந்தது. நடந்தது வேறு. பன்னிரண்டு வாரங்களில் மிகத் தீவிரமாகக் கேட்கப்பட்டது மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்த அந்த ஆதி தாளத் தனிதான். முடிவில் வரும் கோர்வை என்னும் தாளக் கோவை மூன்று முறை வாசிக்கப்பட்டு, பாட்டின் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் இடத்தில், சென்று விழும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். மூன்றாம் முறை கோர்வை முடிந்து பாடகர் வரியை எடுத்தபோது ஏழெட்டுக் கைகள் ஒரே இடத்தில் விழுந்தன. தனியை வெட்டிவிட்டு அறிமுகம் செய்பவர்கள், புதியவர்களுக்கு எளிதில் வசப்படக்கூடிய ஒன்றைப் பறித்துவிடுகிறார்கள்.

பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நான் போற்றி வைத்திருக்கும் பழைய இசைத்தட்டுகளின் இரைச்சல் புதிய காதுக்குத் தடையாகவே இருக்கிறது. தொடக்க வாரங்களில் ஒலி தெளிவான பதிவே வேண்டும். ஆனால் அந்த 78 சுழற்சித் தட்டுகளின் கால அளவு, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம், எனக்குப் பாடமாக இருந்தது. அந்த எல்லைக்குள் ஒரு கிருதியை முழுமை குன்றாமல் பாடிய தலைமுறைதான் இந்த இசையைத் தேநீர்க் கடைகள் வரை கொண்டுசென்றது.

பன்னிரண்டாம் ஞாயிறு

கடைசி நாள், முதல் நாளின் அதே 'கத்தனுவாரிகி' பதிவை, ஒன்றையும் குறைக்காமல் மீண்டும் போட்டேன். பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் முதல் நாளும் கேட்டவர்கள். நிரவலுக்கு எடுத்துக்கொள்ளும் 'நித்துர நிராகரிஞ்சி முத்துக தம்புர பட்டி' என்ற வரிக்கு, தூக்கத்தைத் துறந்து அழகாகத் தம்புராவை ஏந்தி என்று தெலுங்கு அம்மையார் முன்னரே பொருள் சொல்லி வைத்தார். நிரவலில் யாரும் அசையவில்லை. ஸ்வரங்கள் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்குத் திரும்பியபோது தலைகள் ஆடின. மாணவர் ராகப் பெயரைச் சொல்லவே இல்லை. முடிந்தபின் இரண்டு ஸ்வரச் சுற்றுகளை மட்டும் மறுபடி கேட்கவேண்டும் என்றார்.

ஆலாபனை வேறு விதமாக நடந்தது. ஆசிரியையும் பெரியவரும் முழுதாக அதனோடு சென்றார்கள். மெக்கானிக் நேர்மையாகச் சொன்னார்: பாட்டு வந்த பிறகு எல்லாம் பிடிபடுகிறது, அதற்கு முந்திய கால் மணி நேரம் இன்னும் பிடிபடவில்லை. தோடியின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பதால், எங்கே வந்து அமர்கிறது என்பது அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு ஏற்ற விடை என்னிடம் இருக்கவில்லை. பெரியவர்தான், "தோடியை நாயனத்துல கேக்கணுங்க, வாய்ப்பாட்டுல அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்து அடுத்த சுற்றைத் தொடங்குவது என்றும், அன்றைக்கு எதை எந்த வரிசையில் போடவேண்டும் என்பதைப் பெரியவரே தீர்மானிப்பது என்றும் முடிவாயிற்று.